கோட்டுக்குக் கீழே

ஃபார்கோவில் ஜனவரி. மைனஸ் இருபத்தாறு.
காப்பீட்டு நிறுவனத்தின் மூன்றாம் மாடியில்
ஒரு பின்னத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

கோட்டுக்கு மேலே, விழுந்தவர்கள்.
அவர்களுக்குப் பெயர் உண்டு, பல்வரிசைப் படம் உண்டு,
கடைசியாகப் பெட்ரோல் போட்ட ரசீது உண்டு.
கோட்டுக்குக் கீழே, எல்லோரும் பறந்த மணிநேரங்கள்.
அது வெறும் ஊகம்.
ஆண்டுக்கொரு படிவம் அனுப்பிக் கேட்கிறோம்.
பாதிப் பேர் பதில் போடுவதில்லை.
மீதிப் பேர்
தப்பிய மீனுக்குக் கையை அகட்டுவதுபோல
எழுதி அனுப்புகிறார்கள்.

வேகமான சிறு விமானங்கள் இவை.
ஒற்றை எஞ்சின், நான்கு இருக்கை, கண்ணாடிபோல் வழுவழுக்கும் இறக்கை.
அதோ ஒரு மேகம், திரும்பிவிடலாமா என்று
யோசித்து முடிக்கும்போது
மேகத்துக்குள் இருப்பீர்கள்.
வாங்குகிறவர்கள் கெட்டிக்காரர்கள், அதுதான் சிக்கல்.
தொழிலில் கடைசியாக எப்போது தவறினோம் என்பதே
மறந்துபோனவர்கள்.

லைல் கெப்ஹார்ட், உர வியாபாரி, மைனாட்.
அவர் விமானத்தின் கூரையில் ஒரு சிவப்புக் கைப்பிடி.
இழுத்தால் விமானத்தையே ஏந்திக்கொள்ளும் பாராசூட்.
கோதுமைத் தாளுக்கிடையே கண்டெடுத்தபோது
கைப்பிடியின் பாதுகாப்பு ஊசி
செருகியபடியே இருந்தது,
'புறப்படுமுன் அகற்றவும்' என்ற நாடாவோடு.

இழுக்க மறந்தவர் அல்ல அவர்.
இழுக்க வேண்டிய நாள் தனக்கும் உண்டென்று
நினைக்காதவர்.

அந்தக் கோப்பை மூடாமலே அடுத்த விண்ணப்பத்தைப் பிரித்தேன்.
ரஸ்ஸல் வோய்ட், பல் சீரமைப்பு மருத்துவர்.
மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு மணி.
மேகத்துக்குள் மூன்று.
பயிற்றுநரோடு இருபத்தைந்து மணி பறந்தாக வேண்டும் என்று எழுதினேன்.
தொலைபேசியில் கொதித்தார்:
"ஏழு லட்சம் டாலர் கொடுத்திருக்கிறேன், விமானத்துக்கு!"
ஆமாம் என்றேன், விமானத்துக்கு.

மாரிட் எங்கனுக்கு வயது முப்பத்தொன்று.
அவர் மருத்துவமனையில் பல் துலக்கிவிடும் பெண்ணைவிடக்
குறைந்த சம்பளம்.
ஒவ்வொரு புறப்பாட்டிலும் ஐந்நூறடி தாண்டியதும்
கையை உயர்த்திக் கைப்பிடியைத் தொடச் சொன்னாள்.
இழுக்க வேண்டாம். தொடுங்கள்.
குழந்தை மூக்கைத் தொடுவதுபோல, என்று அவர் சிரித்தார்.
தொடுங்கள்.

ஒருநாள் மகளின் கல்யாணச் செலவை அவர்
சொல்லிக்கொண்டிருந்தபோது
எஞ்சினை அடக்கினாள்.
எல்லோரும் செய்வதையே அவரும் செய்தார்:
மூக்கை மேலே தூக்கினார்.
எச்சரிக்கை ஒலி ஆடுபோல் கத்தியது.
எஞ்சினைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக்
குறிப்பேட்டில் எழுதியபடி சொன்னாள்:
"நீங்கள் இறந்து நான்கு விநாடி ஆகிறது."

இருபத்தைந்தாவது மணியில் கையொப்பம் கேட்டார்.
மறுத்தாள்.
எனக்கும் அவளைப் பற்றி ஒரு புகார் கடிதம் வந்தது,
இரண்டு பக்கம், நல்ல தாளில்.
முப்பத்தொன்றில் போட்டாள்.

மார்ச் முடிவில் மறுபடி அவர் குரல்.
பில்லிங்ஸிலிருந்து வரும் வழியில்
இறக்கையின் விளிம்பில் மீன்செதில்போல் பனி ஒட்டியதாம்.
டிக்கின்சனில் இறங்கி, விடுதியில் தூங்கி,
காலையில் வாடகைக் கார் பிடித்து
இருநூற்றுத் தொண்ணூறு மைல் ஓட்டியே வந்தாராம்.
கல்யாணத்துக்கு முந்தைய விருந்து போயிற்று, மகள் பேசவில்லை.
"கார் வாடகை நூற்று எண்பத்து நான்கு டாலர்.
இதற்குக் காப்பீடு உண்டா?"

படிவத்தைத் திறந்து பார்த்தேன்.
'என்ன நடந்தது' என்றொரு கட்டம்.
ஒன்றும் நடக்கவில்லை என்பதற்குக் குறியீடு இல்லை.
கிடையாது, டாக்டர், என்றேன்.
எவ்வளவு நேரம் பறந்தீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

ஒன்று புள்ளி நான்கு.

கோட்டுக்குக் கீழே சேர்த்தேன்.
இது ஊகம் இல்லை.